கோளாறு கேமராவில் இல்லை

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அம்மா அவர்களே, தீக்காயப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் கனத்த மனத்தோடு அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்து சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், கருவிப் பழுதுபார்ப்புப் பிரிவில், இருபத்தேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் மேசைக்கு வருபவை எல்லாம் வாய் பேசாதவை. அவற்றின் சார்பாக மற்றவர்கள் எழுதி அனுப்பும் சீட்டுகளைத்தான் நான் படிப்பேன். அதனால் ஒருவர் ஒரு கருவியைப் பற்றி என்ன எழுதுகிறார் என்பதை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

மறைந்த நம் மருத்துவப் படப்பிரிவின் மூத்த படப்பதிவாளர், நாம் எல்லோரும் ‘ஒரு அடி அக்கா’ என்று அழைத்த அந்த அம்மையாரை நான் முதலில் அறிந்ததும் சீட்டுகள் வழியாகத்தான். என்னைவிட மூன்று வயது இளையவர். இருந்தாலும் எனக்கும் அக்காதான். நம் தலைமை மருத்துவருக்கும் அக்காதான். எழுபது வயது நோயாளிகள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டுப் பிரிக்கும்போது சுற்றி நின்று வெளிச்சத்தை மறைக்கும் உறவினர்களிடம் “ஒரு அடி தள்ளிக்குங்க, ஒரே ஒரு அடி” என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

இதுவரை பேசியவர்கள் அவருடைய பொறுமையைச் சொன்னார்கள். நேர்மையைச் சொன்னார்கள். அவர் எடுத்த படங்களை வைத்துப் பாடம் நடத்துகிற கல்லூரிகளைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் அப்படியே பிறந்து வந்தவரா? இந்த மருத்துவமனைக்குள் நுழைந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்தாரா? இல்லை. அதைச் சொல்லத்தான் நான் எழுந்து வந்திருக்கிறேன். அவரைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. எங்கிருந்து புறப்பட்டார் என்று தெரியாமல், எவ்வளவு தூரம் வந்தார் என்று எப்படிச் சொல்வது? அவர் கணவரிடமும் மகளிடமும் நேற்றே அனுமதி கேட்டேன். “எல்லாத்தையும் சொல்லுங்கண்ணே. பாதி பாதியா சொன்னா அவளுக்குப் பிடிக்காது” என்றார் அவர் கணவர்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். அதற்குமுன் ஒரு ஸ்டுடியோவில் திருமணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். நல்ல கைதான். ஆனால் புண்ணைப் படமெடுப்பது வேறு வேலை. மணப்பெண்ணின் படம் கொஞ்சம் பளிச்சென்று வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தீக்காயத்தின் படம் கொஞ்சம் பளிச்சென்று வந்தால் மருத்துவர் ஏமாந்துபோவார். அந்த வேறுபாடு அவருக்கு அப்போது முழுதாகப் பிடிபடவில்லை. படம் சரியாக வராதபோதெல்லாம் எனக்கு ஒரு சீட்டு வந்தது.

‘கேமரா நிறத்தை மாற்றிக் காட்டுகிறது.’ இது முதல் சீட்டு. ‘லென்ஸ் மங்கல்.’ இது இரண்டாவது. ‘ஃபோகஸ் தானாக நகர்கிறது.’ ‘கேமராவுக்கு வயதாகிவிட்டது.’ இரண்டு ஆண்டுகளில் பதினோரு சீட்டுகள். ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கேமராவைக் கழற்றித் துடைத்துச் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் ‘கோளாறு இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஒன்பதாவது சீட்டில் மட்டும் கொஞ்சம் குறும்பாக, ‘கேமரா நலம். மற்றவர்கள் நலமா?’ என்று எழுதிவிட்டேன். அதற்கு அவர் நேரில் இறங்கி வந்து பதில் சொன்னார். அந்தப் பதிலை இந்த மேடையில் சொல்ல முடியாது.

அவரை மட்டும் குறை சொல்லலாமா? அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கேளுங்கள். ரத்த அழுத்தமானி, தராசு, அச்சு இயந்திரம் என்று எதற்குச் சீட்டு வந்தாலும் பத்தில் ஆறில் இயந்திரத்தின்மேல் குற்றம் இருக்காது. கருவியைக் குறை சொல்வது எளிது. அது மறுத்துப் பேசாது. அதற்கு மானம் இல்லை, வீட்டில் காத்திருக்கும் குடும்பம் இல்லை. நான்கூட என் திருப்புளியை எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவர் வேலைக்கு வந்த மூன்றாவது ஆண்டில் ஒரு பெண்மணி தீக்காயப் பிரிவில் சேர்க்கப்பட்டார். ஒரு சலவை நிலையத்தில் நீராவித் தேய்ப்பு இயந்திரத்தில் வேலை செய்தவர். வலது கை இயந்திரத்தின் தட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. புறங்கை முழுதும் வெந்திருந்தது. அந்தப் பெண்மணி இன்று இந்த அவையில் இருக்கிறார். நம் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் அவர்தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் மூத்த அறுவை மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் படங்களை அவருக்கு அனுப்புவோம். மூன்றாம் நாள் எடுத்த படத்தையும் பத்தாம் நாள் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முதல் படத்தில் புண் வெளிர் சிவப்பாக இருந்தது. இரண்டாவது படத்தில் கறுத்து, செத்த தோல்போலத் தெரிந்தது. புண் ஆழமாகிக்கொண்டே போகிறது என்று முடிவு செய்தார். தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் வைத்துத் தைக்க வேண்டும், அதன்பின் மூன்று மாதம் அந்தக் கை சூட்டையும் ஈரத்தையும் அண்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சலவைத் தொழிலாளி ஒருவரிடம், சூடும் ஈரமும் கூடாது என்றால் என்ன பொருள்? வேலை கிடையாது என்று பொருள். அவர் அன்றே முதலாளிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மறுநாளே அந்த இயந்திரத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

அதிலிருந்து நான்காம் நாள் அறுவை அறைக்குள் கட்டைப் பிரித்துப் பார்த்த மருத்துவர் அப்படியே நின்றுவிட்டார். புண் அழகாக ஆறிக்கொண்டிருந்தது. ஓரங்களில் புதுத்தோல் வந்திருந்தது. அறுவையே தேவைப்படவில்லை.

உடம்புக்கு நல்ல செய்திதான். ஆனால் வேலை போனது போனதுதானே?

படம் ஏன் அப்படி வந்தது என்று விசாரணை தொடங்கியது. அக்கா தன் பதினோரு சீட்டுகளின் நகல்களை எடுத்து வைத்தார். “ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன் சார், யாரும் கேக்கல” என்றார். சீட்டுகள் எல்லாம் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. யாராலும் மறுக்க முடியவில்லை. கேமராவைச் சோதித்து அறிக்கை தரும்படி என்னிடம் அனுப்பினார்கள்.

மூன்று நாள் சோதித்தேன். நிற அட்டையை வைத்து எடுத்தேன். வெயிலில் எடுத்தேன், நிழலில் எடுத்தேன், குழல்விளக்கின் கீழ் எடுத்தேன். ஒரு குறையும் இல்லை. அவையோரே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், பிறகு இதற்கு வருவேன். அப்போதைய படப்பிரிவுத் தலைவர் என் மேசைக்கு வந்தார். “ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. புது கேமரா வாங்கிடலாம். அந்தம்மாவுக்கும் ஒரு பதில் சொன்ன மாதிரி இருக்கும்” என்றார். நான் எழுதினேன். ‘நிறப் பதிவில் நிலையின்மை காணப்படுகிறது.’ கையெழுத்துப் போட்டேன்.

யாருக்கு என்ன நட்டம் என்று அன்று நினைத்தேன். நோயாளிக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. பிரிவுக்குப் புதுக் கேமரா கிடைத்தது. அக்காவின்மேல் பழி விழவில்லை. எனக்குப் பன்னிரண்டாவது சீட்டு வராது என்ற நிம்மதி கிடைத்தது.

அந்தச் சலவைத் தொழிலாளியிடம் போய், கருவிக் கோளாறு என்று சொன்னார்கள். அவர், “மெஷின்தானே, அத யார் என்ன பண்ண முடியும். என் கையச் சுட்டதும் மெஷின்தான்” என்றார். அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. அப்போது பக்கத்தில் அக்கா நின்றிருந்தார்.

புதுக் கேமரா வந்தது. பளபளவென்று இருந்தது. அக்கா அதைத் தொடுவதற்குமுன் ஒவ்வொரு முறையும் கை கழுவினார். ஐந்தாவது வாரம், உணவக அடுக்களையில் கால் வெந்து வந்த ஒருவரைப் படமெடுத்தார். திரையில் பார்த்தால் கால் கறுத்துத் தெரிந்தது. கட்டுக் கட்டிக்கொண்டிருந்த செவிலியர், “நேத்தைவிட இன்னிக்கி நல்லாத்தானே இருக்கு, படத்துல ஏன் இப்படி?” என்று கேட்டார். நல்ல வேளையாக அன்று மருத்துவர் நேரில் வந்து பார்த்தார், யாருக்கும் தீங்கு நேரவில்லை.

ஆனால் அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் கணவர் சொல்கிறார். பழைய கேமரா இல்லை. வயதான லென்ஸ் இல்லை. நகரும் ஃபோகஸ் இல்லை. எல்லாம் புதிது. அந்த அறையில் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவர்.

இந்த இடத்தில் இன்னொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? இந்தக் கேமராவும் சரியில்லை என்று எழுதியிருப்பார். அக்காவும் எழுத உட்கார்ந்தார். சீட்டை எடுத்து, தேதி போட்டு, ‘கோளாறின் விவரம்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அதன்பின் ஆறு வாரம், தினமும் வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்தார். பழைய கேமராவைச் சேமிப்பு அறையிலிருந்து கேட்டு வாங்கினார். தன் இடது கையை மேசைமேல் வைத்து, வலது கையால் படமெடுத்தார். பச்சைத் துணிமேல் கை. வெள்ளைத் துணிமேல் கை. திரை திறந்த ஜன்னல், மூடிய ஜன்னல். இரண்டு அடி தூரம், மூன்று அடி தூரம். நின்றுகொண்டு, குனிந்துகொண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டில் எழுதினார். முன்பெல்லாம் ‘கேமரா இப்படிச் செய்தது’ என்று எழுதியவர், இந்த நோட்டில் ‘நான் இப்படிச் செய்தேன்’ என்று எழுதினார். அந்த நோட்டை அவர் மகள் இன்று கொண்டுவந்திருக்கிறார். முதல் பக்கம் முழுதும் நான், நான், நான் என்றுதான் இருக்கிறது. தற்பெருமை துளியும் இல்லாத ‘நான்’ அது.

அவர் கண்டுபிடித்தது என்ன? இங்கே படப்பிரிவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கேமரா எதிரில் இருக்கும் அனைத்தையும் சேர்த்துப் பார்த்து வெளிச்சத்தைத் தானாகக் கணக்கிடும். கைக்கு அடியில் பெரிய வெள்ளைத் துணி விரித்திருந்தால், வெளிச்சம் மிகுதி என்று நினைத்து மொத்தப் படத்தையும் மங்கவைக்கும். துணி சாம்பல் நிறமாகும், கை கறுக்கும். கரும்பச்சைத் துணி விரித்திருந்தால் அதற்கு நேர்மாறு, கை வெளுக்கும். சலவைத் தொழிலாளியின் முதல் படம் பச்சைத் துணிமேல் எடுத்தது. இரண்டாவது, கைக்கு எட்டிய வெள்ளைத் துணிமேல் எடுத்தது. கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எதன்மேல் வைக்கிறோம், எங்கே நிற்கிறோம், எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியது அதன் வேலை இல்லை.

ஒரு வியாழக்கிழமை அக்கா என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கட்டுப் படங்கள். என் மேசைமேல் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பரப்பினார். எல்லாமே அவருடைய இடது கை.

“எது பழைய கேமரா, எது புதுசு, சொல்லுங்க பாப்போம்.”

நான் ஐந்து படங்களைப் பழையவை என்று காட்டினேன். நான்கு தவறு.

“நாளைக்குக் கூட்டத்துல சொல்லப்போறேன்” என்றார்.

“எதை?”

“பழைய கேமரா நல்லாத்தான் இருந்துச்சுன்னு. தப்பு என்னோடதுன்னு.”

எனக்குச் சுருக்கென்றது. “அக்கா, அந்த அறிக்கையில என் கையெழுத்து இருக்கு.”

“தெரியும். அதான் மொதல்ல உங்ககிட்ட வந்தேன்.”

“முடிஞ்சுபோன விஷயத்த ஏன் கிளறுறீங்க? அந்தம்மாவே விட்டுட்டாங்க.”

“அவங்க கேமராவ விட்டுட்டாங்க. என்னை விடல. நான்தான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாதே.”

“வேலை போனாலும் போயிடும்.”

“அவங்களுக்குப் போயிடுச்சே” என்றார்.

நான் கோபப்பட்டேன். என்னையும் சேர்த்து மாட்டிவிடப் பார்க்கிறீர்கள் என்றேன். அவர் படங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே, “உங்களப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அது உங்க விஷயம். என்னைப் பத்தி மட்டும் பேசுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே செய்தார். மறுநாள் கூட்டத்தில் படங்களைப் பரப்பி வைத்து, தன் தவறை ஒவ்வொரு படியாக விளக்கினார். பிரிவுத் தலைவரின் முகம் சிவந்துவிட்டது. “அப்ப கருவிப் பிரிவு அறிக்கை?” என்றார். அக்கா, “நான் என் வேலையைப் பத்தித்தான் சொல்ல முடியும் சார்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், “சோதிச்ச அன்னிக்கு அப்படித்தான் தெரிஞ்சுது” என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆறு மாதம் தீக்காயப் பிரிவுக்குள் வரக்கூடாது என்று சொல்லி, ஊழியர் அடையாள அட்டைக்குப் படமெடுக்க அனுப்பினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதே வாரம் அவர் அந்தச் சலவைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அந்த அம்மையாரிடமே கேட்டேன். “சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. ஆனா நான் அழுதேன்னு மட்டும் சொல்லாதீங்க, நான் அழல” என்றார். ஆகவே அவர் அழவில்லை. மாடிப்படி ஏறி வந்த அக்கா உட்காரக்கூட இல்லையாம். வாசலில் நின்றபடியே சொன்னாராம்.

“மெஷின் இல்லைங்க. நான்தான். உங்க கைக்கு அடியில எந்தத் துணி போடணும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும்.”

“இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க?”

“எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.”

அந்த அம்மையார் கதவில் கை வைத்தாராம். பிறகு, “மெஷின்னு நெனச்சப்ப எனக்குக் கோவம் வரல. இப்ப வருது. நீங்க போயிடுங்க” என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

அக்கா போய்விட்டார். ஆனால் விட்டுவிடவில்லை. பழைய முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் கைவிரித்துவிட்டார். பிறகு நம் சலவைப் பிரிவுக்கு வந்தார். மூன்று வாரம், அடையாள அட்டை வேலை முடிந்ததும் அந்தப் பிரிவின் வாசலில் நிற்பார். “நீராவி மெஷின் தெரிஞ்சவங்க. கை முழுசா ஆறிடுச்சு. படம் வேணும்னா காட்டுறேன், இந்தத் தடவ சரியா எடுத்திருக்கேன்” என்பாராம். கடைசியில் ஓர் இடம் காலியானபோது ஆள் அனுப்பினார்கள். யார் சொல்லி இந்த வேலை வந்தது என்று தெரிந்துகொள்ள அந்த அம்மையாருக்கு எட்டு மாதம் ஆயிற்று. தெரிந்த அன்று நேராகப் படமெடுக்கும் அறைக்குப் போய், “அந்தத் துணிய எடுங்க, பாப்போம்” என்றாராம்.

அப்போது அக்கா நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒரே வகைத் துணியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். அதைத் தொட்டுப் பார்த்த இவர், “இது பத்து வெளுப்புல நெறம் மாறிடும். அப்புறம் மறுபடி தப்பு வரும். நான் பாத்துக்குறேன்” என்றார். அன்றிலிருந்து இன்றுவரை, படமெடுக்கும் அறைக்குப் போகும் சாம்பல் துணிகளை அவர் தனியாகத்தான் வெளுக்கிறார். நிறம் மாறத் தொடங்கியதும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கொடுப்பார். அவர்கள் இருவரும் தோழிகளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளில் ஒருநாள்கூட அந்தத் துணி தவறியதில்லை.

அந்த ஆறு மாத அடையாள அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டனைக்குக் கொடுத்த வேலையைக்கூட அவர் அரைகுறையாகச் செய்யவில்லை. ஒவ்வொருவரையும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி, தோளைத் தளரவிடச் சொல்லி எடுத்தார். நம் செவிலியர் கண்காணிப்பாளர் அவர்கள் அட்டையை நான்கு முறை புதுப்பித்திருக்கிறார்கள். நான்கு முறையும் அதே பழைய படத்தைத்தான் கொடுத்தார்கள். இந்த அவையில் அப்படி இன்னும் பலர் இருக்கிறீர்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டாம், நான் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

ஆறு மாதம் கழித்து அவர் பிரிவுக்குத் திரும்பினார். என்னோடு பேச்சு இல்லை. சரியாகச் சொன்னால், நான்தான் அவரைப் பார்த்ததும் வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவேன். ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் சீட்டு. பன்னிரண்டாவது சீட்டு.

“பிளாஷ் பட்டன் லூசா இருக்கு. நூறு தடவ பாத்துட்டேன். என் விரலைப் பாத்தேன், பேட்டரியப் பாத்தேன், நான் நிக்கிற எடத்தப் பாத்தேன். இது நெஜமாவே கேமரா கோளாறு” என்றார்.

நான் கழற்றினேன். உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சிரித்ததுபோல அந்த அடித்தளத்தில் நான் சிரித்ததில்லை. உட்காரவைத்தே சரிசெய்து கொடுத்தேன். கருவிக்குக் கோளாறே வராது என்று அக்கா என்றும் சொன்னதில்லை. தன்னைப் பார்த்து முடித்தபிறகுதான் கருவியைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதன்பின் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு வந்தால், மற்ற வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன். அந்தச் சீட்டில் எழுதியிருப்பது உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசி இரண்டு ஆண்டுகள் நோய் அவர் கைகளைத் தாக்கியது. நடுக்கம். இப்போதாவது நல்ல கேமரா கேட்டிருக்கலாம், நடுக்கத்தைச் சமாளிக்கும் விலையுயர்ந்த லென்ஸ் கேட்டிருக்கலாம். யார் மறுத்திருப்பார்கள்? அவர் என்னிடம் கேட்டது, கேமராவைப் பொருத்த ஓர் உறுதியான மூன்றுகால் தாங்கி மட்டும்தான். தாங்கியை வைக்கும் இடத்தில் தரையில் ஒட்டுநாடா ஒட்டி, வேலைக்கு வந்த கடைசி நாள்வரை ஒரு படம்கூட ஆடாமல் எடுத்தார்.

போன மாதம் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தபோது, மகள் போனில் அவரைப் படமெடுத்திருக்கிறார். “முகம் இருட்டா விழுதும்மா, இந்த போன் கேமராவே சரியில்ல” என்றிருக்கிறார் மகள். அக்காவுக்குப் பேச்சே சிரமம். இருந்தும் சொன்னாராம்: “நீ ஜன்னலுக்கு எதிர்ல நிக்குற. இந்தப் பக்கம் வா.” மகள் நகர்ந்து நின்று எடுத்தார். மேடையில் மாலை போட்டு வைத்திருக்கிறோமே, அந்தப் படம்தான் அது. நோயாளியின் படம் என்று யாராவது சொல்ல முடியுமா?

அவையோரே, இனி என் பங்குக்கு வருகிறேன்.

கூட்டத்தில் நான் சொன்னது பொய். சோதித்த அன்றும் கேமரா நன்றாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியை எழுதியபோதும் தெரியும், கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தபோதும் தெரியும். அக்கா தன் தவறைத் தெரியாமல் செய்தார், தெரிந்ததும் சொன்னார். நான் தெரிந்தே செய்தேன், பதினாறு ஆண்டுகள் சொல்லவில்லை. அவர் ஒருநாளாவது கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கேட்கவே இல்லை. சென்ற வாரம் கடைசியாகப் பார்க்கப் போனபோது நானே ஆரம்பித்தேன். “அக்கா, அந்த அறிக்கை…” என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார். “எங்கிட்ட ஏன் சொல்றீங்க, எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க” என்றார்.

தெரியாதவர்களிடம் இன்று சொல்லிவிட்டேன். இன்று காலை, இந்தக் கூட்டத்துக்கு வருமுன், அந்த அறிக்கை பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டு மருத்துவமனைத் தலைவர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அக்காவின் கோப்பில் அந்த எச்சரிக்கைக் கடிதத்தோடு என் கடிதமும் சேர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எனக்கு ஓய்வுபெற நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா, உங்களிடம் மெஷின் என்று சொல்லவைத்தவர்களில் நானும் ஒருவன். உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயம்தான்.

இவ்வளவு பெரிய கூட்டம் ஏன் கூடியிருக்கிறது? அவர் தவறே செய்யாதவர் என்பதற்காகவா? இல்லை. தன் கையைத் தானே படமெடுத்துப் பார்த்து, தன்னைத் தானே திருத்திக்கொண்டவர் என்பதற்காக. இருந்த கேமராவை வைத்துக்கொண்டே மேலும் பதினைந்து ஆண்டுகள் நம் நோயாளிகளின் உண்மையைக் காட்டியவர் என்பதற்காக.

நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? படப்பிரிவில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் அம்மையாரோடும் சலவைப் பிரிவு மேற்பார்வையாளரோடும் நேற்று உட்கார்ந்து பேசினேன். அந்த அறையில் வேலை ஒருநாள்கூட நிற்காது. எனக்கு இருக்கும் நான்கு மாதமும், காலையில் முதல் ஒரு மணி நேரம் நான் அங்கே இருப்பேன்.

நாளை காலை எட்டரை மணிக்கு அறை திறக்கும். ஏழு பேருக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். முதலில் ஒரு வெல்டர், இரண்டு கையும் வெந்தவர். படம் எடுப்போம். சரியாக வராவிட்டால், நாங்கள் எங்கே நின்றோம் என்று பார்த்துவிட்டு, மறுபடி எடுப்போம்.

அனைவருக்கும் என் வணக்கம்.